சான்றிதழுக்குப் பின்னர் தொடங்கும் படிப்பு

எமது நாட்டில் தாதியர் பற்றிய செய்திகள் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வருவதற்கு வழமையாக மூன்று காரணங்களே இருக்கின்றன. ஒன்று, சம்பளம் அல்லது மேலதிக நேரக் கொடுப்பனவு தொடர்பான தொழிற்சங்கப் போராட்டம். இரண்டு, வைத்தியசாலைகளில் நிலவும் ஆளணிப் பற்றாக்குறை. மூன்று, தாதியர் வெளிநாடுகளுக்குச் செல்வது. இவை மூன்றும் முக்கியமானவையே. ஆனால், மூன்று தசாப்தங்களாகச் செய்தி அறைகளில் இருந்து இந்த விவாதங்களை அவதானித்து வந்திருப்பவன் என்ற முறையில், நான்காவது கேள்வியொன்று எழுப்பப்படுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பயிற்சியை முடித்து, பரீட்சையில் சித்தியடைந்து, நியமனக் கடிதத்துடன் வைத்தியசாலை விடுதிக்குள் நுழைகின்ற இளம் தாதி ஒருவர் எப்போது, எவ்வாறு, யாருடைய உதவியுடன் தேர்ச்சிபெற்ற தாதியாக மாறுகிறார் என்பதே அந்தக் கேள்வி.

இது சுகாதார அமைச்சின் பயிற்சிப் பிரிவுக்கு மாத்திரம் உரிய நிர்வாக விவகாரம் என்று வாசகர்கள் கருதக்கூடும். ஆனால், நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ அரசாங்க வைத்தியசாலையில் ஓர் இரவைக் கழித்த எவருக்கும் இதன் பாரதூரம் விளங்கும். பகலில் விசேட வைத்திய நிபுணர் வந்து பார்த்துவிட்டுச் சென்றுவிடுவார். அதிகாலை 2 மணிக்கு மூச்சுத்திணறல் ஏற்படும்போது கூப்பிடு தூரத்தில் இருப்பவர் தாதி ஒருவரே. அவர் கண்டுகொண்டால்தான் வைத்தியர் அழைக்கப்படுவார். திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கும்போது நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுடன் அருகிலிருந்து பணிசெய்பவரையும் சமமாக வைத்து எண்ணுகிறார். அந்த நான்காவது தூண் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிச் சமூகம் அக்கறைப்படாமல் இருப்பது விசித்திரமானது.

பயிற்சிக் காலத்தில் மாணவத் தாதிக்கு ஒருசில நோயாளர்களே ஒப்படைக்கப்படுவர். பக்கத்தில் போதனாசிரியர் அல்லது சிரேஷ்ட தாதி நிற்பார். எந்தக் காரியத்தையும் செய்வதற்கு முன்னர் கேட்கலாம். செய்த பின்னரும் கேட்கலாம். நியமனம் பெற்று முதல் நாள் கடமைக்கு வரும்போது அந்தத் தாதியின் அறிவு ஓர் அங்குலமும் குறைந்துவிடவில்லை. ஆனால், அவருக்கு முன்னால் கட்டில்களின் வரிசையொன்று நிற்கிறது. சில விடுதிகளில் கட்டில்கள் போதாமல் தரையிலும் நோயாளர் படுத்திருப்பர். முதலாவது கட்டிலில் சேலைன் முடிகிறது. மூன்றாவது கட்டிலில் இருப்பவருக்கு நேரம் தவறாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றப்படவேண்டும். ஏழாவது கட்டிலில் சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரின் கட்டில் இரத்தம் கசிகிறது. வாசலில் ஒருவர் தகவல் கேட்டுச் சத்தம் போடுகிறார். தொலைபேசி ஒலிக்கிறது. இவற்றில் எதை முதலில் செய்வது, எதைப் பத்து நிமிடங்கள் பிற்போடலாம், எதை ஒரு நிமிடம்கூடப் பிற்போடக்கூடாது என்பதற்குப் பரீட்சை வினாத்தாளில் கேள்வி இருக்கலாம். ஆனால், பரீட்சை மண்டபத்தில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்கு மாத்திரமே விடையளித்தால் போதும். விடுதியில் எல்லாக் கேள்விகளும் ஒரே தடவையில் கேட்கப்படுகின்றன.

இலங்கையர் எல்லோருக்கும் பரிச்சயமான டெங்குக் காய்ச்சலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டெங்கு ஒரு வஞ்சகமான நோய். காய்ச்சல் தணிவதை நோய் குணமாவதன் அறிகுறியாகவே எமது மக்கள் காலங்காலமாகக் கருதி வந்திருக்கிறார்கள். டெங்கில் பல சமயங்களில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. குருதிக் குழாய்களில் இருந்து திரவம் வெளியே கசியத் தொடங்கும் அந்தக் கட்டம் ஏறத்தாழ 24 தொடக்கம் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். அந்த வேளையில் நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசவும்கூடும். தாயார் 'பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது' என்று ஆறுதலடைந்திருப்பார். ஆனால், குருதி அமுக்கத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலான வித்தியாசம் மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டு வரும். அந்த இடைவெளி 20ஆகவோ அதற்குக் கீழாகவோ வந்துவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் சென்றுவிட்டார் என்று அர்த்தம். சிறுநீர் குறையும். கைகால்கள் குளிர்ந்துபோகும்.

இந்த விபரங்கள் எல்லாம் புதிய தாதிக்குத் தெரியும். பரீட்சையில் பிழையின்றி எழுதியிருப்பார். ஆனால், இரவு விடுதியில் இருபது நோயாளர்களின் அளவீடுகளை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டு செல்லும்போது, பதினொரு மணிக்கு 36ஆக இருந்த வித்தியாசம் பன்னிரண்டு மணிக்கு 30ஆகவும் ஒரு மணிக்கு 26ஆகவும் மாறியிருப்பதைக் கண்டு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது? தனித்தனியாகப் பார்த்தால் எந்த இலக்கமும் அபாய எல்லையைத் தாண்டவில்லை. அவை போகின்ற திசைதான் ஆபத்தைச் சொல்கிறது. சேலைனைக் குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து; அளவுக்கு அதிகமாகக் கொடுத்தால் கசிவு நின்று திரவம் மீண்டும் குருதிக்குத் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்தும் உயிர் போகலாம். இந்தக் கயிற்றின்மேல் நடப்பதற்கு மூன்று வருடப் படிப்பு அடித்தளத்தைத் தருகிறது. நடையைப் பழக்குவது விடுதிதான்.

தாதியர் கல்வி பற்றிய ஆய்வுலகம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறிந்துவிட்டது. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், கல்லூரியில் கற்ற விழுமியங்களுக்கும் வைத்தியசாலையில் காணும் நடைமுறைக்கும் இடையிலான மோதலில் புதிய தாதியர் அனுபவிக்கும் உளநிலைக்கு யதார்த்த அதிர்ச்சி என்று பெயரிட்டார். முதலில் எல்லாமே இனிமையாகத் தெரியும் ஒரு சிறிய காலம். பின்னர் ஏமாற்றமும் கோபமும் களைப்பும். அதன் பின்னர் மெல்ல மீளுதல். இந்த இரண்டாவது கட்டத்தைத் தாண்ட முடியாமல் தொழிலை விட்டே செல்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலில் தங்கியிருந்துகொண்டே மனதால் விலகிவிடுபவர்களும் இருக்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் மருந்தை நீட்டிவிட்டுச் செல்லும் தாதியரைப் பற்றி நாம் முறைப்பாடு செய்வதுண்டு. அவர்களில் சிலர் தமது முதலாவது ஆண்டில் யாருமே கைகொடுக்காமல் விடப்பட்டவர்களாக இருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிரேமருக்குப் பத்து வருடங்களுக்குப் பின்னர், 1984ஆம் ஆண்டில், பற்றீசியா பெனர் என்ற அமெரிக்கத் தாதிய அறிஞர் வெளியிட்ட நூல் இன்றளவும் உலகெங்கும் தாதியர் கல்லூரிகளில் பேசப்படுகிறது. பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ட்றைபஸ் சகோதரர்கள் விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் அவதானித்து வகுத்த திறன் வளர்ச்சிக் கோட்பாட்டை அவர் தாதியருக்குப் பொருத்திப் பார்த்தார். புதியவர், சற்றுப் பழகியவர், தகைமை பெற்றவர், கைதேர்ந்தவர், நிபுணர் என்று ஐந்து படிகள். பட்டமோ டிப்ளோமாவோ பெற்று வெளியே வரும் தாதி இரண்டாவது படியிலேயே நிற்கிறார் என்பது பெனரின் கணிப்பு. ஒரே விதமான சூழலில் இரண்டு அல்லது மூன்று வருடங்கள் பணியாற்றிய பின்னரே ஒருவர் மூன்றாவது படியை எட்டுகிறார். கீழ்ப்படிகளில் நிற்பவருக்கு விதிகள் தேவை. மேற்படிகளில் நிற்பவர் விதியை மறந்துவிடவில்லை. நோயாளியை முழுமையாகப் பார்த்த மாத்திரத்திலேயே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பெனரின் கோட்பாட்டில் எமது நிர்வாகிகள் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று இருக்கிறது. தேர்ச்சி என்பது ஆளுடன் ஒட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் செல்லும் பொருள் அல்ல. சத்திரசிகிச்சை விடுதியில் பதினைந்து வருடங்கள் பணியாற்றிய ஒருவரைக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினால் அங்கு அவரும் பெரும்பாலும் புதியவரே. அப்படியானால், முதலாவது ஆண்டிலேயே ஆள் குறைந்த இடங்களுக்கெல்லாம் மாறி மாறி அனுப்பப்படும் இளம் தாதியின் நிலை என்ன? ஒவ்வொரு தடவையும் அவர் ஏறிய படியில் இருந்து இறக்கிவிடப்படுகிறார். வருடங்கள் செல்லும், சேவைக்காலம் கூடும், தேர்ச்சி கூடாது.

அனுபவம் என்பது காலம் கழிவதல்ல. அதற்கு மூன்று நிபந்தனைகள் இருப்பதாக நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே விதமான நிலைமையைத் திரும்பத்திரும்பச் சந்திக்கும் வாய்ப்பு முதலாவது. சந்தேகம் வரும்போது வெட்கப்படாமல் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பது இரண்டாவது. எல்லாம் முடிந்த பின்னர், 'இதைச் சரியாகச் செய்தீர், இதை அரை மணித்தியாலம் முன்னரே செய்திருக்கவேண்டும்' என்று எடுத்துச் சொல்வதற்கு ஒருவர் இருப்பது மூன்றாவது. கலைப்பட்டதாரிகளாகப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எமது தலைமுறையினருக்கு இது நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகம் எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆசிரியபீடத்தில் சிவப்புப் பேனாவுடன் இருந்த மூத்த உதவி ஆசிரியர்கள். ஆனால், பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். விடுதியில் அந்த வசதி கிடையாது.

தேர்ச்சி என்றவுடன் ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதுமே நினைவுக்கு வருகின்றன. கைவேலை சில மாதங்களில் படிந்துவிடும். கேட்கவும் பேசவும் பழகுவதுதான் கடினம். யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் 'அந்தரமாய்க் கிடக்குது பிள்ளை' என்று சொல்வார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்தச் சொல் இல்லை. புத்தகத்தில் இருப்பது அமைதியின்மை என்ற அறிகுறி. அது வெறும் மனப்பதற்றமாகவும் இருக்கலாம். மூளைக்குப் போதிய குருதி செல்லாததன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லைக் கேட்டவுடன் சிரேஷ்ட தாதி நாடியைப் பிடித்துப் பார்ப்பார். புதியவர் 'கொஞ்ச நேரம் படுங்கோ ஐயா' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிடக்கூடும். மருத்துவம் மக்களின் மொழியில் நடக்கவேண்டும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தவர் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வடக்கில் பிறந்தவர் தெற்கிலும் தெற்கில் பிறந்தவர் கிழக்கிலும் முதல் நியமனம் பெறுகின்ற ஒரு நாட்டில், நோயாளி தனது வேதனையைச் சொல்லும் மொழியைக் கற்றுக்கொள்வதும் தேர்ச்சியின் ஒரு பகுதியே.

அதேபோன்று, கண்டதை மேலிடத்துக்குச் சொல்வதும் ஒரு தேர்ச்சி. நள்ளிரவில் வைத்தியரைத் தொலைபேசியில் எழுப்புவதற்கு இளம் தாதி தயங்குவார். 'இதற்குமா கூப்பிட்டீர்' என்ற ஏச்சு முன்னொரு தடவை கிடைத்திருக்கும். இலண்டன் றோயல் மருத்துவர் கல்லூரி 2012ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறைக்கு ஒரு காரணம் இந்தத் தயக்கமே எனலாம். சுவாச வேகம், குருதியின் ஒட்சிசன் அளவு, குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறு அளவீடுகளுக்கும் புள்ளி வழங்கி, கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் வைத்தியரை அழைத்தேயாகவேண்டும் என்று அது விதிக்கிறது. இலக்கம் கையில் இருக்கும்போது புதியவருக்கும் துணிவு வருகிறது. ஆனால், இலக்கம் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னரே தனது கவலையைச் சொல்லத் துணிவதற்கு, அந்தக் கவலையை மதித்துக் கேட்கும் மேலதிகாரிகள் தேவை.

இங்குதான் எமது வைத்தியசாலைப் பண்பாடு பற்றிய சங்கடமான விடயம் ஒன்றைப் பேசவேண்டியிருக்கிறது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை எமது சமூகம் பாடசாலையில் இருந்து விடுதிவரை கொண்டுசென்றிருக்கிறது. நோயாளர்களுக்கு முன்னிலையில் கனிஷ்ட தாதியை ஏசுவதும், தெரியாததைக் கேட்டால் 'இது கூடப் படிக்கவில்லையா' என்று ஏளனம் செய்வதும் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் முறையாகவே பலரால் கருதப்படுகிறது. இது எமக்கு மாத்திரம் உரிய நோய் அல்ல. தாதியர் தங்களது குஞ்சுகளைத் தாங்களே தின்கிறார்களா என்று வினவிய கட்டுரையொன்று 1986ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியர் சஞ்சிகையொன்றில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பழைய விடுதிச் சகோதரிகளின் கண்டிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கட்டில் விரிப்பின் மடிப்பில் இருந்து மருந்துப் பதிவேட்டின் கையொப்பம்வரை அவர்களின் கண் படாத இடம் கிடையாது. அந்தக் கண்டிப்பினால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால், கண்டிப்பு வேறு, அவமானப்படுத்தல் வேறு. ஏச்சுக்குப் பயந்தவர் கேள்வி கேட்கமாட்டார். தவறு நேர்ந்தால் மறைப்பார். மறைக்கப்பட்ட தவறு இன்னொருவரின் கையால் மீண்டும் நிகழும்.

புதியவருக்குக் கற்பிப்பவர் அனுபவசாலியான மூத்தவர் என்றால், அந்த மூத்தவர்கள் எங்கே என்பது அடுத்த கேள்வி. வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இந்தச் சங்கிலி பல தடவைகள் அறுக்கப்பட்டிருக்கிறது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிகாக்கும் படையினரால் கொல்லப்பட்டவர்களில் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் இருந்தனர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் தாக்குதலுக்கு உள்ளானபோதும் அங்கு பணியாளர்கள் நோயாளர்களுடன் நின்றார்கள். இடையில் கழிந்த தசாப்தங்களில் புலம்பெயர்ந்து சென்ற அனுபவசாலிகள் பலர். இருந்தவர்கள் கற்பனைக்கு எட்டாத நெருக்கடியில் கற்றுக்கொண்டார்கள். ஆனால், ஒரு தலைமுறையின் அனுபவம் அடுத்த தலைமுறைக்கு ஆறுதலாக ஒப்படைக்கப்படும் வாய்ப்பு அங்கு இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இதே பிரச்சினையை முழு நாட்டுக்கும் பொதுவாக்கியது. அந்த வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்கள் தமது சேவை மூப்புக்குப் பாதிப்பின்றி ஐந்து வருடங்கள்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்வதற்கு அனுமதிக்கும் சுற்றறிக்கை வெளியிடப்பட்டது. அந்நியச் செலாவணி வேண்டிநின்ற அரசாங்கத்துக்கு அது அன்று தவிர்க்க முடியாததாகத் தோன்றியிருக்கலாம். பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க வழிதேடிச் சென்ற தாதியரைக் குறைகூறும் உரிமையும் எவருக்கும் கிடையாது. ஆனால், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்கள் அனுபவத்தைக் கேட்டே ஆள் எடுக்கிறார்கள். எனவே, இலகுவில் செல்லக்கூடியவர்கள் பெனரின் மூன்றாவது, நான்காவது படிகளில் நிற்பவர்களே. அவர்களின் இடத்துக்குப் புதிதாகப் பயிற்சி முடித்தவர்களை நியமித்துவிட்டால் அமைச்சின் கணக்குப் புத்தகத்தில் இலக்கம் சமப்பட்டுவிடும். விடுதியில் இரண்டு இழப்புகள் நிகழ்ந்திருக்கும். வேலை செய்யத் தெரிந்தவரும் போய்விட்டார். வேலை கற்பிக்கத் தெரிந்தவரும் போய்விட்டார்.

ஆட்குறைப்பின் விலையை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா எய்கனும் அவரது குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சத்திரசிகிச்சை நோயாளர் விடுதிகளில் தாதி ஒருவரின் பொறுப்பில் மேலதிகமாக ஒவ்வொரு நோயாளி சேர்க்கப்படும்போதும் 30 நாட்களுக்குள் மரணம் நேர்வதற்கான சாத்தியம் 7 சதவீதத்தால் அதிகரித்தது. அதே குழுவினர் ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும் ஏறத்தாழ அதே இலக்கமே கிடைத்தது. சுமை கூடிய விடுதியில் முதலில் கைவிடப்படுவது கற்பித்தல் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். இருபது பேருக்கு மருந்து கொடுத்து முடிக்காத மூத்த தாதியிடம் புதியவருக்கு விளக்கம் சொல்ல எங்கே நேரம்?

வசதி படைத்த நாடுகளும் இந்தப் பாலத்தைக் கட்டுவதற்குத் திணறியே வந்திருக்கின்றன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கிய பயிற்சி முறையில் மாணவியர் விடுதிகளில் வேலை செய்துகொண்டே கற்றார்கள். அனுபவம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால், காலப்போக்கில் அந்த முறை மாணவரை மலிவான உழைப்பாகப் பயன்படுத்தும் ஏற்பாடாகவும் மாறியது. அதனால் பிரிட்டன் 1989ஆம் ஆண்டு தொடக்கம் தாதியர் கல்வியை உயர்கல்வி நிறுவனங்களுக்கு நகர்த்தி, மாணவரை விடுதி ஆளணிக் கணக்கில் இருந்து விலக்கியது. படிப்பு உயர்ந்தது, வேலைக்குள் நுழையும் நாளில் தாண்டவேண்டிய பள்ளமும் ஆழமாகியது. அந்தப் பள்ளத்தை நிரப்பவே வழிகாட்டல் காலம் என்ற ஏற்பாடு வந்தது. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசியச் சட்டகம், புதிய தாதி ஒவ்வொருவருக்கும் பெயர் குறிப்பிட்டு ஒரு வழிகாட்டி நியமிக்கப்படவேண்டும் என்றும் அந்த உறவு குறைந்தது 6 மாதங்கள் நீடிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு தொடக்கம் பல வைத்தியசாலைகளில் ஓராண்டு வதிவிடப் பயிற்சித் திட்டங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. கடதாசியில் உள்ளதெல்லாம் விடுதியில் நடந்துவிடுவதில்லை என்று அங்குள்ள தாதியரும் முறையிடுகிறார்கள். ஆனால், அங்கு முறையிடுவதற்கு ஓர் அளவுகோலாவது இருக்கிறது.

'நாங்கள் இவை எதுவுமின்றித்தானே கற்றோம்' என்று ஓய்வுபெற்ற தாதியர் சிலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். அவர்களை மேலும் பேசவிட்டால், தங்களைக் கைபிடித்து நடத்திய விடுதிச் சகோதரி ஒருவரின் பெயரைக் கண்கலங்கச் சொல்வார்கள். அவர்களுக்கும் வழிகாட்டி இருந்தார். சுற்றறிக்கையில் அந்தப் பதவி இருக்கவில்லை என்பதே வித்தியாசம். நல்லவர் ஒருவர் வாய்த்தால் அதிர்ஷ்டம், வாய்க்காவிட்டால் தலைவிதி என்று விட்டுவிடுவது ஓர் அரச சேவைக்கு அழகல்ல. மருத்துவப் பட்டதாரிகள் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடிக்காமல் முழுமையான பதிவைப் பெற முடியாது என்ற நியதியை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

பணம் இல்லை, ஆட்களும் இல்லை என்ற ஆட்சேபம் நியாயமானது. எனவே, பெருந்திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. முதலாவது ஆண்டில் புதிய தாதியரை விடுதிக்கு விடுதி மாற்றாமல் இருப்பதற்குப் பணம் தேவையில்லை. முதல் சில மாதங்களில் அவர்கள் இரவுக் கடமையில் தனித்து விடப்படாதவாறு கடமைப் பட்டியலைத் தயாரிப்பது கடினமானதெனினும் முடியாததல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரின் பெயரைக் குறித்து, அந்த மூத்தவருக்குச் சிறியதொரு கொடுப்பனவையும் பதவி உயர்வில் அதற்குரிய மதிப்பையும் வழங்கலாம். வாரத்தில் அரை மணித்தியாலம், கடந்த நாட்களில் ஆபத்தின் விளிம்புக்குச் சென்று மீண்ட ஒரு நோயாளியைப் பற்றி விடுதியில் கூடிப் பேசலாம். யாரையும் தண்டிப்பதற்காக அல்லாமல், எல்லோரும் கற்பதற்காக. மூன்று நான்கு வருட அனுபவத்துடன் ஒருவர் வெளிநாடு செல்ல விண்ணப்பிக்கும்போது, செல்வதற்கு முன்னர் தன் விடுதியில் இரண்டு பேரைத் தயார்படுத்திவிட்டுச் செல்வதற்கான ஒழுங்கையும் செய்யலாம். சங்கங்கள் சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும்போது இந்தக் கோரிக்கைகளையும் பட்டியலில் சேர்த்தால் பொதுமக்களின் ஆதரவு அவற்றுக்கு இருமடங்காகும்.

புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஊர் வைத்தியசாலைகளுக்கு இயந்திரங்களும் கட்டில்களும் கட்டடங்களும் வழங்கிவரும் அவர்களின் பெருந்தன்மையை நான் நன்கறிவேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் விடுதிகளில் பல வருடங்கள் பணியாற்றிய தமிழ்த் தாதியர் இருக்கிறார்கள். அந்நிய மொழியில், அந்நிய ஒழுங்குமுறையில் மீண்டும் புதியவர்களாகத் தொடங்கிப் படியேறியவர்கள் அவர்கள். புதியவராக இருப்பதன் பயத்தை அவர்களைவிட நன்றாக யார் அறிவார்? வருடத்தில் மூன்று வாரங்கள் ஊருக்கு வரும்போது, வைத்தியசாலை நிர்வாகத்தின் அனுமதியுடன், இளம் தாதியருடன் அமர்ந்து தமது அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள முடியுமானால் அதன் பெறுமதி ஓர் இயந்திரத்துக்குக் குறைந்ததாக இராது. இயந்திரம் பழுதடையும். ஒரு தாதிக்குக் கற்றுக்கொடுத்தது அவரிடம் கற்கும் இன்னொருவருக்கும் செல்லும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டைத் தாதியர் மற்றும் மருத்துவமாதுக்களின் ஆண்டாகப் பிரகடனம் செய்தது. நைட்டிங்கேல் பிறந்து இருநூறு வருடங்கள் நிறைவடைந்த அந்த வருடத்தில் கொவிட் பெருந்தொற்று வந்தது. நாடெங்கும் தாதியரைத் தேவதைகள் என்று போற்றினோம். தேவதைகள் என்று அழைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. தேவதைகளுக்குப் பயிற்சியும் ஓய்வும் துணையும் வேண்டியதில்லை. தாதியர் மனிதர்கள், அவர்களில் பலர் இருபது வயதுகளின் நடுப்பகுதியில் இருக்கும் பெண்பிள்ளைகள், இளைஞர்கள். அடுத்த தொகுதியினருக்கு நியமனக் கடிதங்கள் வழங்கும் வைபவத்தில் அமைச்சர் உரையாற்றும்போது எத்தனை பேர் நியமிக்கப்படுகிறார்கள் என்ற இலக்கத்தைச் சொல்வார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அருகில் முதல் ஆறு மாதங்கள் யார் நிற்கப்போகிறார்கள் என்று அந்த மண்டபத்தில் இருக்கும் பத்திரிகையாளர் ஒருவராவது எழுந்து கேட்கவேண்டும்.